தராசில் ஏறுவதற்கு முன்னால்

தோட்ட ஆபிசில் நான் கிராணியாக இருந்தபோது, தபால் பையைப் பிரித்து லயம் வாரியாக அடுக்கி வைப்பதும் என் வேலைதான். 2011 மே மாதம் ஒரு நாள் அந்தப் பையில் என் மகன் பெயருக்கு ஒரு கடிதம் இருந்தது. அவன் படித்த பல்கலைக்கழகத்தின் முத்திரை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று தோட்டத்துக்கே சொன்னவன் நான். அன்றைக்குப் பிரித்துவிட்டேன். மலாயில் நாலு வரி. இரண்டாம் செமஸ்டர் கட்டணம் பாக்கி, கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாது.

எனக்குப் புரியவில்லை. அவனுக்கு மலேசிய அரசின் உயர்கல்வி நிதி அமைப்பான பிடிபிடிஎன்னில் கடன் கிடைத்திருந்தது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவனே நான். பணம் எங்கே போனது என்று சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். சித்திரைப் புத்தாண்டுக்கு அவன் வீட்டுக்கு வரவில்லை. வகுப்பு இருக்கிறது என்றான். உண்மையில் ராத்திரியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். முதல் செமஸ்டரில் ஐந்து பாடம், ஒவ்வொன்றும் மூன்று கிரெடிட். மூன்றில் சி, ஒன்றில் பி, கணிதத்தில் எஃப். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2, 2, 2, 3, 0. கூட்டினால் 9. ஐந்தால் வகுத்தால் 1.80. பிடிபிடிஎன் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கேட்கும் சராசரி 2.00. கல்லூரி முடிவை அனுப்புகிறது, 2.00க்குக் கீழே இருந்தால் அடுத்த பட்டுவாடா நிறுத்தி வைக்கப்படுகிறது. மறுபடி 2.00 தொட்டால் திறக்கும். ஒப்பந்தத்தில் இருந்த விஷயம்தான். கையெழுத்துப் போட்ட நான் படிக்கவில்லை, அவனும் படிக்கவில்லை. ஊர் உலகத்துக்கு மனு எழுதிக் கொடுக்கும் கிராணி, சொந்த வீட்டுக் காகிதத்தில் எங்கே கையெழுத்து என்று மட்டும் தேடியிருக்கிறேன்.

நம் மலையில் கம்போங் ராஜாவிலும் புளூ வேலியிலும் மற்றத் தோட்டங்களிலும் இருந்து இந்த வருஷம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு அப்பா காய்கறித் தோட்டத்தில் இருப்பார், அம்மா தொழிற்சாலையில் தேயிலை சலிப்பார். எஸ்பிஎம் தேர்வில் ஏழெட்டு ஏ எடுத்திருப்பீர்கள். அந்த ஏழெட்டு ஏ உங்களை வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். உள்ளே போனதும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

என் மகன் கணிதத்தில் தோற்றது மண்டை இல்லாததால் அல்ல. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், பிறகு மலாயில் ஐந்து வருஷம், அங்கே போனால் விரிவுரை ஆங்கிலத்தில். முதல் ஆறு வாரம் வாத்தியார் பேசுவதே காதில் ஏறவில்லை என்று பிறகு சொன்னான். பக்கத்து நாற்காலிக்காரனிடம் கேட்க வெட்கம். மலையிலிருந்து வந்தவன், முள்ளங்கி வாசனை அடிக்கிறது என்று யாரோ கேலி செய்திருக்கிறார்கள். அதனால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு பரீட்சை முடிவுத் தாளில் இது எதுவும் இருக்காது. 1.80 என்று மட்டும் இருக்கும்.

விதி அநியாயமா? ரொம்ப நாள் யோசித்தேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நான் நின்றிருக்கிறேன். மழை நாளில் கூடை நனைந்து வரும், தண்ணீர்க் கனத்துக்கென்று எடையில் கழிப்போம். முற்றல் இலை கலந்திருந்தால் அதற்கும் கழிவு. ஒரு அக்காள் காய்ச்சலோடு மலை ஏறிப் பறித்தாளா, சும்மா கிடந்து கடைசி நேரத்தில் கையில் கிடைத்ததைப் பிடுங்கிப் போட்டாளா என்று தராசுக்குத் தெரியாது. நானும் கழித்தேன். ஆனால் நிறுப்பதற்கு முன்னால், "கிராணி ஐயா, இன்றைக்கு உடம்பு முடியல, அந்தத் துண்டுல அரைவாசிதான் பறிச்சேன்" என்று சொன்னவளுக்கு ஒரு குறிப்பு எழுத என்னால் முடிந்தது. நிறுத்து முடித்துக் கணக்கில் ஏறிய பிறகு அழுதவளுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. அந்தப் பெண்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் அந்தக் கடன் விதியை நான் திட்டுவதில்லை. அதற்குக் கண் கிடையாது, அவ்வளவுதான். கண் இல்லாததிடம் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும், அதுவும் நேரத்தோடு.

என் மகனுக்கு நேரம் இருந்திருக்கிறது. பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தைக் குறிப்பிட்ட வாரத்துக்குள் கைவிடலாம். கல்வி ஆலோசகரின் கையெழுத்து வேண்டும். அப்போதே கணிதத்தைக் கைவிட்டிருந்தால் மிச்சம் நாலு பாடம், அதே 9 புள்ளி, 2.25 வந்திருக்கும். பணமும் நின்றிருக்காது. இதைக் கேட்டுத் துள்ளிவிடாதீர்கள். கைவிட்ட பாடத்தைத் திரும்ப எடுத்தாக வேண்டும், கடனோ படிப்புக்கு விதிக்கப்பட்ட காலத்துக்கு மட்டும்தான். கூடுதல் செமஸ்டர் வந்தால் அதைச் சொந்தக் கையில் சமாளிக்க வேண்டும். ஆக எதைச் செய்தாலும் ஒரு விலை உண்டு. விலை என்ன என்று தெரிந்துகொண்டு கொடுக்கிறோமா, தெரியாமல் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

கடிதம் கிடைத்த மறுநாள் நான் பஸ் ஏறிப் போனேன். மாணவர் விவகாரப் பிரிவின் முகப்பில் இருந்தவர், "சிஸ்டத்தில் நிறுத்தம் என்றிருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். நானும் மகனும் வெளியே நின்று யோசித்துவிட்டு, அவனுடைய ஆலோசகரின் அறையைத் தேடிப் போனோம். மகன் அந்த மனிதரை அதற்குமுன் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான், அதுவும் கையெழுத்துக்கு. அவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். கட்டணத்தைத் தவணையில் கட்ட ஒரு மனு எழுதச் சொன்னார், கணிதத்துக்கு ஒரு மூத்த மாணவனைக் கைகாட்டினார். மனு எழுதுவது எனக்குக் கைவந்த கலை. அன்றைக்குத்தான் அது என் வீட்டுக்குப் பயன்பட்டது. அந்தக் கதவு முதல் நாளிலிருந்தே திறந்துதான் இருந்தது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இரண்டாம் செமஸ்டரில் 2.40 எடுத்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தச் சராசரி, அதாவது சிஜிபிஏ, 2.10. கடன் திறந்தது. ஆனால் அந்தக் கணிதப் பாடத்தை வருஷத்துக்கு ஒரு முறைதான் நடத்துவார்கள். அதை நம்பி நின்ற அடுத்த பாடங்களும் தள்ளிப்போயின. ஒரு செமஸ்டர் அதிகமாகிவிட்டது. அதற்கான பணத்தை விடுமுறையில் இங்கே வந்து, முட்டைக்கோஸ் பெட்டி அடுக்கிச் சம்பாதித்தான்.

இது நம் ஊர் விதி மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் அரசு உதவி வாங்கும் மாணவனுக்கு மூன்று கயிறு கட்டுகிறார்கள்: இரண்டாம் கல்வியாண்டின் முடிவில் சராசரி சி நிலையில், அதாவது பெரும்பாலும் 2.0இல் இருக்க வேண்டும். எடுத்த கிரெடிட்டில் ஏறத்தாழ 67 விழுக்காட்டில் தேற வேண்டும். படிப்பை ஒன்றரை மடங்குக்குள் முடிக்க வேண்டும், 120 கிரெடிட் பட்டம் என்றால் உதவிப் பணத்தில் 180க்கு மேல் எடுக்க முடியாது. வீட்டில் சாவு, நோய் என்று காரணம் காட்டி முறையீடு செய்யும் வழியையும் கல்லூரிகள் வைத்திருக்கின்றன. கேட்டால் மட்டும் திறக்கும் கதவு அங்கேயும் இருக்கிறது.

பிடிபிடிஎன் 1997இல் சட்டம் போட்டு வந்தது. அதற்கு முன்னால் எங்கள் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்பது ஆயிரத்தில் ஒருவனுக்கு. 1984இல் எம்ஐஇடி என்ற கல்வி நிறுவனம் வந்த பிறகு நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கல்விக் கடன் கிடைத்தது. இன்றைக்கு ஏழைப் பிள்ளை கேட்டால் கடன் கிடைக்கிறது. அதைச் சின்ன விஷயமாக நினைக்க மாட்டேன். இதே கடனில் இன்னொரு பக்கமும் உண்டு: பட்டப்படிப்பில் முதல் வகுப்பு எடுத்தவர்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, திருப்பிக் கட்டுவதிலிருந்தே விலக்கு அளித்திருக்கிறார்கள். 2.00க்குப் பயந்துகொண்டே இருக்காமல் அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.

முதல் செமஸ்டரில் உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாவது வாரத்துக்குள் ஆலோசகரின் அறை எங்கே என்று பார்த்து, உள்ளே போய் உட்கார்ந்து உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். பாடத்தைக் கைவிடும் கடைசித் தேதியைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். படிப்பை ஒத்திவைக்க நேர்ந்தால் கல்லூரிக்கு மட்டும் சொல்லி நிறுத்தாமல் கடன் கொடுத்தவர்களுக்கும் எழுத்தில் சொல்லுங்கள். மதிப்பெண் குறைந்தால் வீட்டுக்குச் சொல்லுங்கள். அப்பா கத்துவார். கத்தட்டும். என் மகன் என்னிடம் பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த மனுவை மூன்று மாதம் முன்னதாக எழுதியிருப்போம்.

கடன் ஒப்பந்தத்தை இன்றைக்கு ராத்திரியே எடுத்து, ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் அம்மாவின் பிஸ்கட் டின்னைத் திறந்து பாருங்கள். பிறப்புப் பத்திரத்துக்குக் கீழே இருக்கும்.