நாஞ்சில் நாட்டில் நெய்யில்லா விருந்து

கன்னியாகுமரிக்கு வரும் பிரயாணிகள் காண வேண்டியவற்றுக்குக் குறைவே இல்லை. கடல்கள் கூடும் முனை, 1956-ஆம் வருஷம் கட்டி முடிந்த காந்தி மண்டபம், 1970-இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை நினைவாலயம், 2000-ஆம் வருஷத்தின் முதல் நாளன்று திறந்து வைக்கப்பட்ட, பீடத்தோடு சேர்த்து 133 அடி உயரமுள்ள திருவள்ளுவர் சிலை ஆகிய இவற்றைப் பற்றி வழிகாட்டிப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்லும். ஆனால், சூரியோதயத்தைக் கண்டு கண்கள் களித்துக்கொண்டிருக்கும்போதே வயிறு விழித்துக்கொண்டு விடுகிறதே, அதற்கு ஒரு புத்தகமும் சரியாக வழி சொல்வதில்லை. அதிலும், மாமிசத்தோடு கூடப் பால், தயிர், வெண்ணெய், நெய், தேன் ஆகிய எல்லாவற்றையும் விலக்கிவிட்ட ஒருவர் நம்முடன் வந்துவிட்டால் சங்கடம் இரட்டிப்பாகிறது. அப்படிப்பட்ட சிநேகிதர் ஒருவரோடு, கோடை விடுமுறையில் நாஞ்சில் நாட்டைச் சில தினங்கள் சுற்றி வந்தோம். அதில் அறிந்துகொண்டவற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

இத்தகைய உணவு நெறிக்கு ஆங்கிலத்தில் 'வீகன்' என்று பெயர். டொனால்ட் வாட்ஸன் என்பவரும் அவருடைய தோழர்களும் 1944-ஆம் வருஷம் இங்கிலாந்தில் இந்தச் சொல்லை உண்டாக்கினார்கள். தமிழில் இப்போது 'நனிசைவம்' என்று சொல்லுகிறார்கள். "இதெல்லாம் சீமைச் சரக்கு" என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். அவர்கள் மகாத்மா காந்தியின் 'சத்திய சோதனை'யைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். அந்தச் சொல் பிறப்பதற்கு 32 வருஷங்களுக்கு முன்பே, 1912-இல், தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது, காந்திஜி பாலை விட்டுவிட்டார். கல்கத்தாவில் பசுக்களையும் எருமைகளையும் பால்காரர்கள் படுத்தும் பாட்டைப் பற்றிப் படித்ததும் அதற்கு ஒரு காரணம். பிறகு 1918-இல் கடும் நோய் கண்டு, உயிருக்கே ஆபத்து என்ற நிலைமை ஏற்பட்ட பிறகுதான், கஸ்தூரிபா அம்மையாரின் யோசனைப்படி ஆட்டுப்பால் அருந்தச் சம்மதித்தார். அந்தச் சம்மதம் தம் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

நம் சிநேகிதரும் நாகரிக மோகத்தினால் பாலை விட்டவர் அல்லர். கன்றுக்கு உரியதை நாம் எடுத்துக்கொள்ளலாகாது என்பது அவருடைய கொள்கை. அதை அவர் பிறர்மீது திணிப்பதும் இல்லை. ஆனால் வெளியூர் வந்தால் அவருடைய ஆகாரம் பெரும்பாலும் வாழைப்பழமும் வேர்க்கடலையுமாகவே முடிந்துவிடும். கேட்பதற்கு அவருக்குக் கூச்சம். கேட்டால் பிறர் சிரிப்பார்களோ என்ற பயம்.

முதல் நாள் பகலில், கடற்கரையை ஒட்டிய ஒரு ஹோட்டலில் நுழைந்தோம். வாசலில் 'சுத்த சைவம்' என்று பெரிய எழுத்தில் பலகை தொங்கிற்று. பரிமாறுகிறவரிடம் விஷயத்தைச் சொன்னோம்.

"எல்லாம் சைவம்தான் சார்; முட்டைகூடக் கிடையாது" என்றார் அவர்.

"பருப்பில் நெய் உண்டா?"

"நெய் இல்லாமல் பருப்பு எப்படி சார்?" என்று அவர் நம்மையே திருப்பிக் கேட்டார்.

அவர்மீது குற்றம் இல்லை. தமிழில் 'சைவம்' என்று சொல்லும்போது பாலும் நெய்யும் அதற்குள் அடக்கம். வடக்கேயிருந்து வரும் யாத்திரிகர்களுக்காகப் பனீர், நெய் ரோஸ்ட், வெண்ணெய் தடவிய ரொட்டி என்று கடலோர ஹோட்டல்காரர்கள் சமைக்கிறார்கள். பண்டத்தின் பட்டியல் நீளமாக இருந்தது. ஆனால் அதில் நாஞ்சில் நாட்டைத்தான் காணோம். சிநேகிதர் பருப்பை ஒதுக்கிவிட்டு, ரசமும் பொரியலுமாக எழுந்துவிட்டார்.

மறுநாள் அதிகாலையில் நாகர்கோவிலுக்குச் சென்றோம். 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்த பட்டணம் அது. ஆயினும் வடசேரிப் பக்கத்தில் காலை நேரத்தில் நடந்தால், பழைய சந்தையூரின் மணம் இன்னும் வீசுகிறது. இங்கேதான் நம்முடைய அதிருஷ்டம் திரும்பிற்று. ஒரு சிறு கடையில் ஆவி பறக்கும் புட்டு, கடலைக் கறி, பப்படம் மூன்றும் வந்தன. புட்டில் அரிசி மாவும் தேங்காய்த் துருவலும் உப்புமே சேர்மானம். கடலைக் கறியிலோ தேங்காயின் ராஜ்யம். பக்கத்துக் கடையில் இடியாப்பம். அதற்கு ஊற்றிக்கொள்ளத் தேங்காய்ப்பால். இன்னொரு கடையில் ரசத்தில் ஊறிய ரசவடை. சிநேகிதர் இலையை வழித்துச் சாப்பிட்டதை அன்றுதான் கண்டோம்!

"காப்பிக்கு என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். இந்தப் பக்கத்தில் பால் சேர்க்காத தேநீருக்குக் 'கட்டன் சாயா' என்று ஒரு தனிப் பெயரே இருக்கிறது. அதைக் கேட்டால் யாரும் வியப்பதில்லை. சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் கருப்பட்டி கரைத்த சுக்குக் காப்பியும் உண்டு. பனை சுரக்கும் பருவமாயின், பதநீர் கிடைக்கும். அதை இவ்வூரார் 'அக்கானி' என்பார்கள்.

மத்தியானம், கோட்டாறு செல்லும் சாலையின் ஒரு சந்தில், வயது முதிர்ந்த அம்மாள் ஒருவர் நடத்தும் சிறு சாப்பாட்டு விடுதிக்குப் போனோம். பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று அறிந்ததும் "வாங்க சாரே" என்று வரவேற்றார். முதல் நாள் பட்ட அநுபவத்தினால், இந்தத் தடவை 'சைவமா?' என்று நாம் கேட்கவில்லை. "பால், தயிர், மோர், நெய் எவற்றில் சேர்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். அம்மாள் சற்றும் தயங்காமல் விரலை மடக்கிச் சொல்லத் தொடங்கினார்.

தீயலில் வறுத்தரைத்த தேங்காயும் புளியும். பால் சம்பந்தம் கிடையாது. துவரனில் தேங்காய்த் துருவல். எரிசேரியிலும் தேங்காய்தான். ஓலனில் இளம் பூசணிக்காயும் பயறும் தேங்காய்ப்பாலும். இஞ்சிக் கறியில் புளியும் வெல்லமும். அவியலுக்கு அவர் மாங்காய் போட்டிருந்தார். தயிர் விடுகிற வீடுகளும் உண்டாகையால், அவியலைப் பற்றி மட்டும் எங்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உத்தமம். கிச்சடி, புளிசேரி, மோர் ஆகிய மூன்றிலும் தயிரோ மோரோ உண்டு. பருப்பின்மேல் நெய் கடைசியில்தான் விடுவது. முன்கூட்டிச் சொன்னால் விடாமல் எடுத்து வைக்கலாம். ஆக, ஓர் இலையில் முக்கால் பங்குக்கு மேல் சிநேகிதருக்கு உகந்ததாகவே இருந்தது.

"உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறேன், அம்மா" என்றார் சிநேகிதர்.

"இதிலே என்ன தொந்தரவு? அந்தக் காலத்திலே எங்க வீட்டிலே நெய் எங்கே இருந்தது, சாரே? பருப்புக்கு மேலே ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுவா எங்க அம்மை. அதுதான் எங்களுக்கு நெய்" என்று சொல்லிக்கொண்டே, அப்படியே இரண்டு சொட்டு விட்டார்.

அந்த வார்த்தை நம்மைச் சிந்திக்க வைத்தது. இன்று பெரிய பட்டணங்களில் விலையுயர்ந்த பண்டமாக, புதுப் பெயரோடு விற்பதெல்லாம், ஒரு காலத்தில் நெய் வாங்க வகையில்லாத ஏழை வீட்டுச் சாப்பாடுதானே! 'நாஞ்சில்' என்றால் கலப்பை. நெல்லும் தென்னையும் பனையும் வாழையும் செழித்த இந்த மண்ணில், பசு இல்லாத வீட்டிலும் ஒரு தென்னை இருந்தது. பாலுக்குப் பதில் தேங்காய்ப்பாலும், நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெயும், சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியும் இடம் பெற்றன. மரச்சீனிக் கிழங்கின் கதையும் இதுபோன்றதே. 1880 முதல் 1885 வரையில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட ஜனங்களை ஊக்கினார். ஏழைகளின் பசிக்கு அது அருமருந்தாயிற்று. வேகவைத்த கிழங்கையும், காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியையும் சேர்த்துத் தின்றவர்கள் அதன் சுவையை மறக்கமாட்டார்கள். ஆனால் நாஞ்சில் நாடு மீனுக்கும் பெயர் போன நாடு. கிழங்குக் கடைகளில் மீன்குழம்பை ஊற்றிவிடுவதற்கு முன் கையை நீட்டித் தடுத்துக்கொள்ள வேண்டும்!

தித்திப்பு வகைகளிலும் பஞ்சம் இல்லை. சிறுபயறும் வெல்லமும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மாவில் தோய்த்துப் பொரிக்கும் முந்திரிக்கொத்து இவ்வூரின் கீர்த்தி. தேங்காயெண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் உப்பேரியும் அப்படியே. கல்யாண வீடுகளில் வழங்கும் பிரதமனுக்கு அடிப்படை தேங்காய்ப்பாலும் வெல்லமும். முந்திரிப்பருப்பை நெய்யில் வறுக்காமல் தேங்காயெண்ணெயில் வறுத்தால் அதுவும் நம் சிநேகிதருக்கு ஆகும். பழங்களைச் சொல்லப் புகுந்தால் முடியாது. மட்டி, செந்துளுவன், ஏத்தன், பேயன், ரசகதலி என்று குலைகள் தொங்கும் கடைகளே ஒரு காட்சி. இவற்றுள் கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்கு 2023-ஆம் வருஷம் புவிசார் குறியீடும் கிடைத்தது.

என்ன சமைக்கிறார்கள் என்பது ஊரின் உணவில் ஒரு பாதிதான். யாரை உட்காரவைத்துப் பரிமாறுகிறார்கள் என்பது மறுபாதி. தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையில் ஊட்டுப்புரை ஒன்று இருக்கிறது. மேலும் கீழுமாக இரண்டாயிரம் பேர் அமர்ந்து உண்ணக்கூடிய மண்டபம். அங்கே விருந்து பிராமணர்களுக்கு மட்டுமே நடந்தது. அதே திருவிதாங்கூரில், சாமித்தோப்பில், 1809 முதல் 1851 வரை வாழ்ந்த ஐயா வைகுண்டர், எல்லாச் சாதியாரையும் ஒரு கிணற்றில் நீர் எடுக்கவும் ஒரே பந்தியில் உண்ணவும் செய்தார். வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் துவையல் தவசு இருந்த அவருடைய அடியார்கள், பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து வேகவைத்த எளிய உணவை நாளுக்கு ஒரு வேளை உண்டார்கள் என்று சொல்லுவார்கள். பாலும் நெய்யும் இல்லாத அந்த ஒரு பிடிச் சோற்றில் இருந்த சமத்துவம், ஆயிரம் இலை போட்ட அரண்மனை விருந்தில் இல்லை. ஆலயக் கதவுகள் எல்லோருக்கும் திறந்ததோ 1936-ஆம் வருஷத்தில்தான்.

இந்த வரலாற்றை எண்ணும்போது, நம் சிநேகிதரின் சிறு கோரிக்கை அவ்வளவு சிறியதாகத் தோன்றவில்லை. விருந்தினன் தன் மனச்சாட்சியை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இலைமுன் உட்கார வேண்டுமா? கூச்சமின்றிக் கேட்கவும், கேலியின்றிப் பதில் பெறவும் அவனுக்கு உரிமை இல்லையா?

டப்பாவில் அடைத்து விற்கும் நனிசைவப் பண்டங்களுக்குச் சர்க்கார் 2022-ஆம் வருஷம் விதிகள் வகுத்து, ஒரு முத்திரையையும் ஏற்படுத்தியிருக்கிறது. நல்ல காரியந்தான். ஆனால் வாழையிலையில் முத்திரை குத்த முடியாதே! அங்கே சமைப்பவரின் வார்த்தையே முத்திரை. ஆகையால் குமரி மாவட்டத்து ஹோட்டல் முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம். பட்டியலில் பனீர் இருக்கட்டும். நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. அதன் பக்கத்தில் தீயலுக்கும் ஓலனுக்கும் எரிசேரிக்கும் இரண்டு வரி இடம் கொடுங்கள். எதில் பால் உண்டு, எதில் நெய் உண்டு என்று ஒரு சிறு குறிப்பும் சேருங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பாலை விலக்கியவர்களுக்கு மட்டுமல்ல, பால் ஒத்துக்கொள்ளாத நோயாளிகளுக்கும் அது பேருபகாரம். கல்யாணப் பந்தியிலும் பாட்டிமார் கையிலும் மட்டுமே தங்கிவிட்ட இந்தக் கறிகள், அந்தப் பாட்டிமாரோடு மறைந்துபோகாமல் இருப்பதற்கும் அதுவே வழி.

குமரிக்கு வரும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நனிசைவ ஹோட்டல் என்று பலகை போட்ட இடத்தைத் தேடி அலைய வேண்டாம். பலகையைவிடக் கேள்வியே முக்கியம். அதுவும் இலை போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். காலையில் புட்டுக் கடை, மத்தியானம் வீட்டுச் சமையல் மாதிரி நடக்கும் சிறு விடுதி, மாலையில் கட்டன் சாயாவும் உப்பேரியும் என்று போனால், ஒரு வாரம் தங்கினாலும் குறைவு வராது. நம் இல்லத்தரசிகளோ, பால் விலக்கிய விருந்தினர் வந்தால் "நெய்கூட வேண்டாம் என்கிறாரே!" என்று மனம் நோக வேண்டியதில்லை. ஒரு தேங்காயை உடைத்துப் பால் பிழிந்தால் போதும். பருப்பின்மேல் விடுவதற்கு இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் எந்த வீட்டிலும் இருக்கும்.