நான்காவது கியரில் அடங்கிய சத்தம்

வண்டியில் சத்தம் என்று வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதை வாயால்தான் காட்டுவார்கள். ஒருவர் "ங்ஙொய்ய்" என்பார், ஒருவர் "டக்கு டக்கு" என்பார், இன்னொருவர் உதட்டைக் குவித்து ஊதிக் காட்டுவார். படப்பையில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி முகம் மாறாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். பிறகு ஒன்றே ஒன்று கேட்பார்: "அது கெடக்கட்டும் சார். எப்ப நிக்குது?" பெரும்பாலும் பதில் வராது. சத்தம் வருகிற நேரம் மனசில் பதிந்துவிடும், நிற்கிற நேரத்தை யார் கவனிக்கிறார்கள்? "ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பட்டறை இருந்த வண்டலூர்–வாலாஜாபாத் சாலை அப்போது இத்தனை அகலமில்லை. ஒரகடம் என்றால் பஸ் நிற்கும் ஒரு ஊர், அவ்வளவுதான்.

அந்தச் சாலை தொடங்கும் வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. 1961-ல் அங்கிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வரத் தொடங்கியது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான். இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி வரைந்த உடல், 948 சி.சி. என்ஜின். டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்த குடும்ப வண்டி என்றுதான் ஊரில் பெயர். ஆனால் 1962-ல் டிரையம்ஃப் கொண்டுவந்த ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, அதே குடும்பத்துக் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் பின் ஆக்ஸிலையும் வைத்துக் கட்டியது. ஆகவே என் கணக்கில் ஹெரால்டும் ஸ்போர்ட்ஸ் கார்தான். இல்லை என்பவர்கள், வேகமாக வளைவில் போகும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். வெளிப்பக்கப் பின்சக்கரம் உடம்புக்கு அடியில் மடங்கப் பார்க்கும். வயிறு கலங்கும்.

காரணம் அதன் ஸ்விங் ஆக்ஸில். அம்பாசடரில் பின் ஆக்ஸில் ஒரே கட்டை. ஹெரால்டில் டிஃபரன்ஷியல் மட்டும் சேசிஸோடு சேர்ந்து நிற்கும். அதன் இருபுறமும் ஆளுக்கொரு கிராஸ் ஜாயிண்டில் தொங்கி, அரை ஆக்ஸில் இரண்டும் மேலும் கீழும் ஆடும். நம் சாலைகளுக்கு அது ஒத்துவரவில்லையோ என்னவோ, 1972-ல் இதே வண்டியைக் கெஸல் என்று மாற்றியபோது மறுபடி ஒரே கட்டை ஆக்ஸிலுக்குப் போய்விட்டார்கள். டிஃபரன்ஷியல் சேசிஸில் இருப்பதால் இன்னொரு தொல்லை உண்டு. அதன் ரப்பர் மவுண்டுகள் காய்ந்துபோனால், உள்ளே பல்லோடு பல் உரசுவது நேராகப் பின்சீட்டுக்கு ஏறும். ஹெரால்டில் ஊளைச் சத்தம் என்று யாராவது சொன்னால் உடனே எல்லாரும் டிஃபரன்ஷியலைக் கைகாட்டுவது அதனால்தான்.

ஓர் அரிசி மில்காரர் வண்டிக்கும் அப்படித்தான் ஆயிற்று. இரண்டு கதவு ஹெரால்டு, அப்பா காலத்து வண்டி. வேறு ஒரு பட்டறையில் டிஃபரன்ஷியலை இறக்கி, கிரௌன் பினியன் மாற்றி, ஷிம் வைத்து, திரும்ப ஏற்றியிருந்தார்கள். சத்தம் போகவில்லை. அவர் கொதித்துப்போய் வந்தார். மேஸ்திரி வழக்கமான கேள்வியைக் கேட்டார். மில்காரர் யோசித்துவிட்டு, "நாலாவது கியர் போட்டா கொஞ்சம் அடங்குது" என்றார், அதெல்லாம் ஒரு விஷயமா என்கிற குரலில்.

சோழவரத்தில் கார்ப் பந்தயம் பார்த்தவர்களுக்கு, எப்போது நிற்கிறது என்று கவனிக்கும் இந்தக் காது கொஞ்சம் இயல்பாகவே வந்திருக்கும். உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தியது. தட்டையான வெட்டவெளி. கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்கு வண்டி வந்துவிடும். ஃபைபர் உடம்போடு சிப்பானி டால்ஃபின் ஓடிய காலம். வேகத்தை இறக்கும்போது மட்டும் பின்பக்கம் கத்துகிற வண்டியை, "அது இன்னும் ரெண்டு ரவுண்டு" என்று பக்கத்தில் நிற்கிறவர் சொல்வார். பலசமயம் பலிக்கும். 1990-ல் கிளப் தனக்கென்று ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் தளம் கட்டிக்கொண்டது, 3.7 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கோயம்புத்தூர் கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி வண்டிகள் அங்கே ஓடின. மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் என்ஜின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கியர்பாக்ஸ் கெடுவதை அவர்கள் காதால் கேட்பதற்கு முன் முதுகெலும்பால் தெரிந்துகொண்டார்கள் என்று சொல்வதில் பெரிய மிகை இல்லை.

தளத்துக்குப் பக்கத்திலேயே ஹூண்டாய் வந்தது. 1998-ல் சான்ட்ரோ ஓட ஆரம்பித்தது. பிறகு ஒரகடம் பக்கம் ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. நான் வேலைக்குப் போனதும் அந்தப் பக்கத்து ஒரு தொழிற்சாலைக்குத்தான். கியர்பாக்ஸ் கட்டி முடித்ததும் ஒரு அடைத்த அறைக்குள் வைத்து மோட்டாரால் சுழற்றுவார்கள். உடம்பில் ஒட்டிய சென்சார் அதிர்வை எடுக்கும். எங்கள் வேலை திரையில் எழும் கோடுகளைப் பார்ப்பது.

அந்தக் கோடுகளின் கணக்கு எளிது. பினியனில் 9 பல், கிரௌனில் 37 பல் என்று வையுங்கள். சக்கரம் ஒருமுறை சுற்ற, புரொபெல்லர் ஷாஃப்ட் நாலுக்குச் சற்று மேல் சுற்றும். ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 3000 சுற்றினால் நொடிக்கு 50. ஒவ்வொரு சுற்றிலும் 9 பல் வந்து மோதும், ஆக 450 ஹெர்ட்ஸ். பியானோவைச் சுருதி சேர்க்கும் 440-க்கு ஒட்டிய ஒலி. ஹெரால்டு அளவு சக்கரம் உள்ள வண்டியில் அது சுமார் 75 கிலோமீட்டர் வேகத்தில் கேட்கும். அதே வேகத்தில் சக்கரத்தோடு சேர்ந்து வருகிற குறை நொடிக்கு 12 முறைதான் தட்டும். ஷாஃப்டின் எடை ஒருபக்கம் சாய்ந்திருந்தால் 50. கிராஸ் ஜாயிண்டு கோணத்தில் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும், அது 100. இந்தக் கூடுதல் குறைச்சலை ஷாஃப்டின் மறுமுனை ஜாயிண்டு சரிக்கட்ட வேண்டும். ஸ்ப்ளைனில் கழற்றிய ஷாஃப்டை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகாமல் வண்டி முழுக்க உறுமும். மேஸ்திரி எந்த ஷாஃப்டைக் கழற்றும் முன்பும் பஞ்ச் வைத்து இரண்டு பக்கமும் புள்ளி குத்துவார். ஹெர்ட்ஸ் என்ற பேச்சே அந்தப் பட்டறையில் கிடையாது.

திரையைப் பார்த்துப் பழகிய எனக்கு ஒரு குறை தோன்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கருவிக்குப் புதுக் கியர்பாக்ஸ்தான் தெரியும். பல்லில் சின்னத் தழும்பு இருந்தால் அந்தப் பல் வரும்போதெல்லாம் ஒரு குத்து எழும், பெட்டி திரும்பப் போய்விடும். ஆனால் அறுபது வருஷம் ஓடி, பாதி தேய்ந்து, தப்பு ஆயில் குடித்து, மரத்தூள் தின்ற ஒன்றை அதனிடம் கொடுத்தால் திரை முழுக்கக் கோடாக நிற்கும். மரத்தூள் என்றது கதையல்ல. ஊளையை அமுக்க டிஃபரன்ஷியல் ஆயிலில் மரத்தூளைக் கலந்து வண்டியை விற்கிற வித்தை உலகம் முழுக்கப் பழையது.

மில்காரரின் நாலாவது கியருக்கு வருகிறேன். மேஸ்திரி அவரை உட்காரவைத்து வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நியூட்ரல், க்ளட்சில் கால் இல்லை. பானட் முழுசும் முன்பக்கம் கவிழ்கிற வண்டி அது, என்ஜினைப் பார்க்க வசதி. ஆனால் கியர்பாக்ஸ் உள்ளே, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது. அதன் மூடியைக் கழற்றிவிட்டு, நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பெட்டியில் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் வைத்துக்கொண்டார். "க்ளட்ச் மிதிங்க." மிதித்தார். "விடுங்க." விட்டார். "மிதிங்க." எழுந்துவிட்டார்.

மிதித்தால் சத்தம் வந்திருந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்றது, அதனால் கியர்பாக்ஸுக்குள். ஒன்று முதல் மூன்று வரை என்ஜினின் பலம் கீழே உள்ள லேஷாஃப்டுக்கு இறங்கி, திரும்ப மேலே ஏறி வெளியே போகிறது. நாலாவதில் அந்தச் சுற்றுவழி இல்லை. உள்ளே வரும் ஷாஃப்டும் வெளியே போகும் ஷாஃப்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். லேஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், அதன் மேல் பாரம் கிடையாது. நாலாவதில் ஊளை அடங்கினால் டிஃபரன்ஷியல் நிரபராதி, அதற்கு எந்தக் கியரானாலும் ஒன்றுதான். கிரௌன் பினியனுக்குக் கொடுத்த பணத்தை நினைத்து மில்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெட்டியைத் திறந்தபோது லேஷாஃப்டின் ஊசி பேரிங்குகள் ஓடிய இடத்தில் எஃகு செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. அதில் ஊற்றியிருந்தது டிஃபரன்ஷியலுக்கு உரிய ஆயில். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் கிரௌன் பினியனுக்கு நல்லது, கியர்பாக்ஸின் பித்தளை சிங்க்ரோ வளையங்களை மெல்ல அரிக்கும். வளையங்களும் போயிருந்தன. சாமான் தேடிப் புதுப்பேட்டைக்குப் போனது ஒரு தனிக்கதை. அங்கே பழைய இரும்பில் ஹெரால்டுக்காரர்களுக்கு இன்னும் ஏதோ கிடைத்துக்கொண்டிருந்தது.

இப்போது இருங்காட்டுக்கோட்டையில் மின்சாரக் காரும் வருகிறது. 2019-ல் ஹூண்டாயின் கோனா வந்தது. என்ஜின் சத்தம் மறைத்துக்கொண்டிருந்ததெல்லாம் மின்சார வண்டியில் வெளியே வந்துவிடுகிறது. கியரின் மெல்லிய கீச்சு, பேரிங், டயர் எல்லாம். எங்கள் அறை ஆட்களுக்கு வேலை குறையும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள்.

மில்காரரும் அதே வகையில்தான் ஏமாந்தார். கியர்பாக்ஸ் பேசாமல் ஓடத் தொடங்கியதும் மறுபடி வந்து நின்றார். "மேஸ்திரி, புதுசா ஒண்ணு கேக்குது. வண்டி எடுக்கும்போது பின்னால 'டக்'குனு."

"அது பழசுதான் சார். இத்தன நாளா இது கத்துனதுல அது கேக்கல."

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினோம். இடது அரை ஆக்ஸிலை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் திருகியதும் கிராஸில் ப்ளே கைக்கே தெரிந்தது. கப் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துருப்பொடி கசிந்திருந்தது. கிரீஸ் பார்த்துப் பல வருஷம் ஆன ஊசி பேரிங். நாலு போல்ட் கழற்றினால் அரை ஆக்ஸில் டிஃபரன்ஷியலிலிருந்து விடுபடும். வலதும் ரொம்ப நாள் தாங்காது, ரெண்டையும் சேர்த்தே மாத்திடலாம் என்றார் மேஸ்திரி. மில்காரர் முதலில் விலை கேட்டார்.