முழங்காலுக்குள் ஒரு புதர்

லைப்போமா ஆர்போரெசென்ஸ் என்ற பெயரை இங்குள்ள நண்பர்களில் மருத்துவத் துறையினர் தவிர வேறு எவரும் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. நானும் தொலையுணர்வு ஆய்வாளன். தெற்கு அந்தமானின் அலையாத்திக் காடுகளைச் செயற்கைக்கோள் படங்களில் படித்துவருபவன். அப்பெயரை எனக்குக் கற்பித்தது அம்மாவின் இடது முழங்கால்.

அம்மாவுக்கு வயது 62. நான்கு ஆண்டுகளாக முட்டிச்சில்லுக்கு மேலே வீக்கம், வலி அதிகமில்லை. போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம், வாய்க்கு இன்னும் பழகவில்லை) எடுத்த எக்ஸ்-ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. அந்த வயதில் அது யாருக்குத்தான் இல்லை? ஊசியால் நீரை எடுத்தார்கள், மீண்டும் கோத்துக்கொண்டது. பின்னர் அல்ட்ராசவுண்டில், மூட்டின் உட்பையில் விரல் விரலாக ஏதோ நீருக்குள் அசைவது தெரிந்தது. ‘கட்டி’ என்ற சொல் அன்றுதான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. தமிழில் அச்சொல் சீழ் வைத்த புண்ணுக்கும் உண்டு, புற்றுக்கும் உண்டு. கேட்பவர் மனம் பின்னதையே பற்றிக்கொள்கிறது. கப்பலில் சென்னைக்குச் சென்ற மூன்று நாட்களும் வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதையே அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்னையில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். டி1 படத்தில், உட்பைக்குள் கிளைவிட்ட புதர் ஒன்று தோலடிக் கொழுப்பைப் போலவே வெண்மையாக நின்றது. கொழுப்பின் சமிக்ஞையை அடக்கி எடுத்த படத்தில் அதே புதர் கறுத்துப்போக, சுற்றியிருந்த நீர் மட்டும் ஒளிர்ந்தது. இந்த வாசிப்பு எனக்கு அந்நியமாக இல்லை. அண்மை அகச்சிவப்புப் பட்டையில் வெளுத்துத் தெரியும் அலையாத்தி, சிவப்புப் பட்டையில் இருண்டுவிடும். 2004 நிலநடுக்கத்தில் தரை தாழ்ந்து கடல் புகுந்த சிப்பிகாட் வயல்களையும் இவ்வாறு பட்டைகளை ஒப்பிட்டே நாங்கள் படிக்கிறோம். ஒரே படத்தில் தெரிவது நிறம் மட்டுமே. பொருள் இன்னதென்பது இரண்டையும் அருகருகே வைக்கும்போதுதான் புலப்படும்.

கதிரியக்க மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூட்டுச் சவ்வில் இரத்தம் கசிந்து இரும்பு படியும் வேறொரு நோயும் இப்படிப் புடைத்து வளரும். ஆனால் அது கிரேடியண்ட் எக்கோ படத்தில் கரும்புள்ளிகளாகப் பரவித் தெரியும். அம்மாவின் படத்தில் அது இல்லை. குருத்தெலும்புத் துண்டுகளும் இல்லை. இருந்ததெல்லாம் கொழுப்பு. ‘ஆர்போரெசென்ஸ்’ என்றால் இலத்தீனில் மரம்போல் கிளைப்பது. ‘லைப்போமா’ என்ற பகுதிதான் சற்றுப் பொருந்தாப் பெயர்: பலர் இதைத் தனிக் கட்டியாகக் கருதுவதில்லை. நாட்பட்ட உறுத்தலுக்கு எதிர்வினையாகச் சவ்வின் அடித்திசுவில் முதிர்ந்த கொழுப்பணுக்கள் நிறைந்துவிடும் நிலை என்கிறார்கள். புற்றாக மாறும் இயல்புடையதன்று.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அப்போ இது கட்டியே இல்லையா?”

“இல்லைம்மா, சவ்வில் கொழுப்பு தழைத்திருக்கிறது” என்றார் மருத்துவர்.

நுண்துளை வழியாகச் சவ்வை நீக்கினார்கள். திசு ஆய்வும் அதையே சொன்னது. நீர் கோப்பது நின்றுவிட்டது. தேய்மானம் மட்டும் அப்படியே இருக்கிறது. படியேறும்போது அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்.