பின்னே நடந்த தலைவர்

குற்றாலம் என்றவுடன் அருவியும் சாரலுமே நினைவுக்கு வருகின்றன. அருவிக்கு இட்டுச் செல்லும் மலைப்பாதையை எண்ணுவோர் சிலரே. யாமும் அவ்வாறே இருந்தோம்.

1969ஆம் ஆண்டு, காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது நாட்டு நலப்பணித் திட்டம். அத்திட்ட மாணவருடன், வனத்துறையின் இசைவு பெற்று, பேரருவியிலிருந்து செண்பகாதேவி அருவிக்குச் செல்லும் பாதையைச் சீர்செய்யச் சென்றோம். மேடையில் நன்கு பேசும் மாணவரைத் தலைவராக்கினோம். அவர் கட்டளையிட்டவாறே முன்னே விரைந்தார், அணி சிதறியது.

இறுதியாக வந்த மாணவரைக் காணாமல் திரும்பி நடந்தோம். வகுப்பில் வாய் திறவாதவர் அவர். பேசத் தெரியாதவரென்று யாமே ஒதுக்கியிருந்தோம். ஒரு வளைவில், பலர் குறுக்கே இறங்கியதால் உண்டான தடத்தைக் கல்லும் காய்ந்த கிளையும் இட்டு அடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, குப்பையை எப்போதும் பொறுக்கலாம். இத்தடத்தில் மழைநீர் இறங்கினால் மண் முழுவதும் சிற்றாற்றுக்குப் போய்விடும்" என்றார். எவரும் அழையாமலே நால்வர் அவருக்குக் கல் சுமந்துகொண்டிருந்தனர்.

மறுநாள் முதல் முறையை மாற்றினோம்: நாளுக்கொருவர் பொறுப்பேற்க வேண்டும்; பொறுப்பாளர் கடைசியில் நடக்க வேண்டும். முதலில் தலைவரானவரும் மகிழ்வுடன் கல் சுமந்தார்.

பாதையிலுள்ள இடரை அகற்றுவதும் தருமமே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அதனை யாம் பலமுறை எடுத்துரைத்ததுண்டு. குனிந்து செய்து காட்டியவர் எம் மாணவரே. அன்று யாமே மாணவராய் மலையிறங்கினோம்.