நானாவின் கேள்வி

பழைய பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவை என்றால் நானாவுக்கு ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’. எமக்கு ‘ஃபோல்ட்டி டவர்ஸ்’. இவ்வழக்கு எம் வீட்டில் இன்னும் தீரவில்லை.

நானாவின் தொடர் 1977இல் தொடங்கியது. லண்டன் மாலை வகுப்பொன்றில் ஆங்கிலம் கற்கும் வெளிநாட்டினரின் தடுமாற்றமே அதில் நகைச்சுவை. பாகிஸ்தானியரான அலி நதீமும் சீக்கியரான ரஞ்சித் சிங்கும் முட்டிக்கொள்ளும்போதெல்லாம் நானா விழுந்து விழுந்து சிரிப்பார். எமக்கோ, ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளுவதைத் தடுக்கும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் நினைவில் எழும். அதைவிட உறுத்துவது வேறொன்று. மத்ரஸாவில் ‘ழாத்’ எழுத்தை உச்சரிக்கத் திணறிய சிறுவனைக் கண்டு ஒருமுறை நாமே சிரித்துவிட்டோம். மறுநாள் தொட்டு அவன் வாய் திறந்து ஓதத் தயங்கினான். அத்தயக்கம் நீங்க மாதங்கள் சென்றன.

‘ஃபோல்ட்டி டவர்ஸ்’ அத்தகையதன்று என்றே வாதிட்டு வந்தோம். 1975இலும் 1979இலுமாக மொத்தம் 12 அங்கங்கள்தாம். விடுதி உரிமையாளர் பாஸில் தம் பெருமையிலும் பொய்யிலும் தாமே சிக்கிச் சீரழிவார். அங்கே நகைப்புக்குள்ளாவது அதிகாரம் கையிலுள்ளவர்.

நானா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப மனுவேல்ட கதை என்ன?” என்றார்.

பார்சிலோனாவிலிருந்து வந்து, ஆங்கிலம் விளங்காமல் பாஸிலிடம் அடி வாங்கும் அந்தப் பணியாளரைப் பார்த்தும் நாம் சிரித்திருக்கிறோமே! இப்போது அவ்வங்கங்களை மீண்டும் பார்க்கிறோம். மனுவேல் வரும் இடங்களில் நானா திரையைப் பார்ப்பதில்லை. எம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.