கம்பு சுத்தினா காப்பாத்துமா?

அடியே வாயாடி,

நீ அனுப்பின வாய்ஸ் நோட்டைக் கேட்டேன். பதிலையும் அப்படியே பேசி அனுப்பலாம்தான். ஆனா ஹால்ல என் மாமியார் உட்கார்ந்திருக்காங்க. சீரியல்ல விளம்பரம் வந்தா அவங்களுக்கு என் பேச்சுதான் பொழுதுபோக்கு. அதான் எழுதுறேன். படிச்சதும் உன் வீட்டுக்காரர் கண்ணுல படாம பத்திரப்படுத்து, அவரைப் பத்தியும் ரெண்டு வார்த்தை வருது.

மக கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போறதுக்குள்ள சிலம்பம் கத்துக்கட்டும்னு நீ சொல்ற. கராத்தேதான் சரின்னு அவர் சொல்றார். ரெண்டும் வேணாம், பொம்பளப் புள்ளைக்குக் கைகால் முரடாப் போயிரும்னு உன் மாமியார் சொல்றாங்க. கராத்தே பத்திப் பேச உன் வீட்டுக்காரருக்கு என்னடி யோக்கியதை? காலேஜ் ஆண்டு விழாவுல ஓடு உடைக்கிறேன்னு மேடையேறி, ஒரு மாசம் கையில கட்டோட அலைஞ்சவர்தானே. பரீட்சைக்குப் பக்கத்து வகுப்புப் பையனை உட்காரவச்சு எழுதினதை நான் மறக்கல.

நான் சொல்றது இதுதான்: சிலம்பத்துல சேத்துவிடு. நல்லா சேத்துவிடு. ஆனா ராத்திரி பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் கையைப் பிடிச்சா அது அவளைக் காப்பாத்திரும்னு நெனச்சு சேக்காத. எந்த ஆசான்கிட்ட, எப்படிக் கத்துக்கிறாங்கிறதுலதான் எல்லாம் இருக்கு.

எனக்கென்ன தெரியும்னு கேப்ப. அண்ணன் மகனைச் சாயந்திரமானா மாநகராட்சிப் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போறவ நான்தானே. புளியமரத்தடியில அம்மாமாரோட உட்கார்ந்து கதை பேசிக்கிட்டே முழுக் கிளாஸையும் பார்த்துருவேன். அரசு வேலையில விளையாட்டு ஒதுக்கீட்டுல சிலம்பத்தைச் சேத்தாங்க, கேலோ இந்தியாவுலயும் இடம் கிடைச்சுது. அதுலருந்து கூட்டம் தாங்கல. பாதிப் பேருக்குக் கம்பு முக்கியமில்ல, சர்டிபிகேட்தான் முக்கியம். ஒரு அம்மா மகளோட மெடலையெல்லாம் வரன் பார்க்கிற ஜாதகத்தோட சேர்த்துப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கு. மாப்பிள்ளை வீட்டுல, "பொண்ணு கோவக்காரியா?"ன்னு கேட்டுட்டுப் போனவங்கதான், அப்புறம் போனே இல்லையாம். அந்தக் கதை தனி லெட்டருக்கு.

வேடிக்கை என்னன்னா, சேர்ந்த உடனே புள்ளைங்க கையில கம்பைக் கொடுக்கறதே இல்ல. காலடி, காலடி, காலடிதான். ரெண்டு கால் சுவடு, நாலு கால் சுவடுன்னு மண்ணுல கோடு போட்டு, முன்ன போ, பின்ன வா, திரும்பு. எங்க பய அழுதுட்டான், "கம்பு எப்ப அத்தை தருவாங்க?"ன்னு. அப்புறம்தான் அவனவன் புருவ உசரத்துக்கு அளந்து ஒரு மூங்கில் கொடுப்பாங்க. அதுக்கப்புறம் வீச்சு. பாக்கறதுக்கு அவ்வளவு அழகுடி. நல்லா சுத்துற பொண்ணு சுத்தினா கம்பே கண்ணுக்குத் தெரியாது, காத்து கிழியிற சத்தம் மட்டும் வரும். ரெட்டைக் கம்பு, சுருள்வாள், மான்கொம்புன்னு போயிட்டா கோயில் திருவிழாவுல விசில் பறக்கும்.

ஆனா அலங்காரமா சுத்தறது வேற, எதிர்ல ஆள் வச்சு ஆடறது வேற. தொடுமுறைன்னு சொல்வாங்க. எதிராளியோட உடம்புல கம்பைத் தொட்டா புள்ளி. போன மாசம் அதைத்தான் கிட்ட இருந்து பார்த்தேன். தனித்திறமையில கப்பு வாங்கின ஒரு பொண்ணை, ஒல்லியா ஒரு பையனுக்கு எதிரா நிக்க வச்சார் ஆசான். அவன் சுமாராத்தான் சுத்துவான். முதல் வீச்சு வந்ததும் அந்தப் பொண்ணு கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, கம்பை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சிக்கிட்டா. கத்துக்கிட்ட வீச்சு ஒண்ணுகூட வெளிய வரல. அடுத்ததா விரல் முட்டியில ஒண்ணு விழுந்துச்சு. கம்புச் சண்டையில மொதல்ல அடி வாங்கறது முன்கைதான். அந்தப் பையனோட விரலைப் பாத்தா தெரியும், எல்லா முட்டியும் காய்ச்சுப் போயிருக்கு. அவன் மட்டும் கண்ணை மூடறதில்ல. எதிராளியோட தோளைப் பார்த்தே கம்பு எங்க வருதுன்னு கண்டுபிடிச்சு அரை அடி விலகிருவான், அவ்வளவுதான்.

இந்த அரை அடிதாண்டி நெசமான தற்காப்பு. அதை அவனுக்குக் கொடுத்தது சிலம்பம்ங்கிற பேர் இல்ல. நெசமாவே தன்னை அடிக்க வர்ற இன்னொருத்தனோட தினம் ஆடின பழக்கம்.

இதை ஜப்பான்ல ஒரு குட்டை மனுஷர் ரொம்ப முன்னாடியே கண்டுபிடிச்சுட்டார். ஜிகோரோ கானோ. பள்ளிக்கூடத்துல பெரிய பசங்ககிட்ட அடி வாங்கி, அதனாலயே ஜுஜுட்சு படிக்கப் போனவர். அந்தக் காலத்து ஜுஜுட்சுல கண்ணைக் குத்து, கையை முறி, கழுத்தைத் திருகுன்னு உசுருக்கு ஆபத்தான பிடியெல்லாம் உண்டு. ஆபத்தானதை முழு வேகத்துல பழக முடியாதில்லையா? கூடப் படிக்கிறவன் செத்துப் போவானே. அதனால ஒருத்தன் பொம்மை மாதிரி நிப்பான், இன்னொருத்தன் மெதுவா செஞ்சு காட்டுவான். கானோ 1882-ல டோக்கியோவுல ஒரு கோயில் அறையில, ஒன்பது மாணவர்களோட ஜூடோவைத் தொடங்கினப்ப, இந்தப் பழக்கத்தைத் திருப்பிப் போட்டார். ஆபத்தானதைத் தனியா ஒதுக்கிட்டு, மிச்சமிருந்த தள்ளறது, தூக்கிப் போடறது, அமுக்கிப் பிடிக்கிறதை முழு பலத்தோட, எதிராளி முரண்டு பிடிக்கப் பிடிக்க, தினம் செய்ய வச்சார். குறைஞ்ச வித்தைதான், ஆனா நெசமா பழகின வித்தை. அவரோட கொடோகான் பள்ளியில படிச்ச மாயேதா பிரேசிலுக்குப் போய் கிரேசிங்கிற குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் குடும்பத்துப் பையன் ஹாய்ஸ் கிரேசி, ஒல்லியா, பாத்தா பேங்க் கிளார்க் மாதிரி இருப்பான். 1993 நவம்பர்ல அமெரிக்காவுல டென்வர்ல நடந்த முதல் யூ.எஃப்.சி. கலப்புச் சண்டைப் போட்டியில அவன்தான் ஜெயிச்சான். சுமோ வீரர், கிக் பாக்ஸர்னு எல்லாரும் வந்திருந்தாங்க. ஒரு குத்துச்சண்டைக்காரர் ஒத்தைக் கையில மட்டும் கிளவுஸ் போட்டுக்கிட்டு வந்து, அடிக்காமலே தோத்துட்டுப் போனார்.

இதுக்கு நேர் எதிர்க் கதை சீனாவுல நடந்துச்சு. வெய் லெய்னு ஒரு தாய் சி ஆசான். அந்த ஊர் டி.வி.யில அவர் உள்ளங்கையில புறாவை நிறுத்தி, பறக்கவிடாம கட்டிப்போட்டுக் காட்டினார். தர்பூசணியை ஒரு தட்டு, தோல் அப்படியே இருக்க, உள்ள சதை கூழாப்போச்சுன்னு காட்டினார். 2017 ஏப்ரல்ல செங்டூ நகரத்துல ஷூ ஷியாவ்தோங்கிற கலப்புச் சண்டைக்காரரோட மோதினார். கொட்டாவி விட்டு முடிக்கறதுக்குள்ள வெய் லெய் தரையில கிடந்தார். ஜெயிச்சவரைத்தான் ஊரே திட்டிச்சு, பாரம்பரியத்தை அவமானப்படுத்திட்டான்னு. எனக்கு அந்த ஆசானைப் பார்த்து சிரிக்கத் தோணல. பாவம், அவருக்குச் சிஷ்யப்புள்ளைங்க தவிர வேற யாரும் அதுவரைக்கும் எதிர்ல நின்னிருக்க மாட்டாங்க. தொட்டாலே மரியாதைக்கு விழுற ஆளுங்களோடயே வாழ்ந்துட்டார்.

நம்ம ஊரு வர்மமும் இப்ப அந்த வழியில போகுது. 1996-ல 'இந்தியன்' படம் வந்ததுலருந்து யாரைக் கேட்டாலும் ரெண்டு விரலை மடக்கிக் காட்டறாங்க. உன் தம்பி அனுப்பினானே ஒரு வீடியோ, ஆசான் கழுத்துல தொட, வேட்டி கட்டினவன் சரிஞ்சு விழறானே, அதைப் பார்த்துட்டு மகளுக்கு ரெண்டு வர்மப் புள்ளி சொல்லிக் கொடுங்கன்னு யார்கிட்டயும் போய் நிக்காத. கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் செய்யற வைத்தியத்தை நான் கையெடுத்துக் கும்பிடுவேன், எங்க சித்தப்பாவோட தோளை எடுத்துவிட்டவங்க அவங்கதான். ஆனா துள்ளிக்கிட்டு, வியர்வையோட, சட்டை போட்டுக்கிட்டு மேல விழற ஒருத்தன்கிட்ட விரல் நுனியளவு இடத்தைத் தேடறதா? நடக்கிற காரியமா சொல்லு.

இப்ப நம்ம தெரு விஷயத்துக்கு வரேன். எதிர்வீட்டு அக்காவை ஞாபகமிருக்கா, சீட்டுப் பிடிக்குமே? காலையில கோலம் போட்டு நிமிர்ந்திருக்கு, பைக்குல ரெண்டு பேர் வந்து தாலிச் செயினை இழுத்துட்டானுங்க. அக்கா விடல. ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிச்சு. பைக்கோட பத்தடி தேஞ்சு போச்சு. முட்டி ரெண்டும் பிஞ்சு, கழுத்துல கோடு போட்ட மாதிரி வெட்டு. செயின்ல பாதி அக்கா கையில, பாதி அவனுங்களோட போயிருச்சு. தெருவே, "ஜான்சி ராணி"ன்னு கொண்டாடிச்சு. நான்தான் காப்பி குடிச்சிக்கிட்டே, "அடுத்த தடவை விட்டுருங்கக்கா, தங்கம் வாங்கிக்கலாம், கழுத்து வாங்க முடியாது"ன்னேன். அன்னிலருந்து என்னோட பேசறதில்ல. சீட்டுப் பணம் மட்டும் வாங்கிக்குது.

இதுல எந்தக் கலையடி உதவியிருக்கும்? கோலம் போடும்போது கையில கம்பா இருக்கும்? வண்டிச் சத்தம் மெதுவாறதைக் கேட்டு நிமிர்ந்து பாக்கற காது, பொருளை விட்டுட்டு வீட்டுக்குள்ள போற புத்தி, தெரு திரும்பற மாதிரி ஒரு கத்தல். இதையெல்லாம் எந்தக் கிளாஸ்லயும் சொல்லித் தரலையேன்னுதான் என் ஆதங்கம்.

இன்னொண்ணு, கொஞ்சம் கசப்பா இருக்கும். நாம பயப்படறது இருட்டுச் சந்துல நிக்கிற முகம் தெரியாதவனுக்கு. ஆனா நம்ம நாட்டுக் குற்றப் பதிவுக் கணக்கு வருஷா வருஷம் சொல்றது என்ன? பாலியல் வன்கொடுமை வழக்குல பத்துக்கு ஒன்பதுக்கு மேல, செஞ்சவன் தெரிஞ்சவன்தான். சொந்தக்காரன், பக்கத்து வீடு, கூடப் படிக்கிறவன், வேலை கொடுக்கிறவன். மாமான்னு கூப்பிட்ட ஆளை நோக்கிக் காலைத் தூக்கறதுக்கு எவ்வளவு தயக்கம் வரும்னு யோசி. கனடாவுல இதைத்தான் பிடிச்சாங்க. 2015-ல மருத்துவ ஆராய்ச்சிப் பத்திரிகையில வந்துச்சு. மூணு பல்கலைக்கழகத்துல கிட்டத்தட்ட 900 மாணவிகளை ரெண்டு பிரிவாப் பிரிச்சு, ஒரு பிரிவுக்கு 12 மணி நேரப் பயிற்சி கொடுத்தாங்க. அடி உதை அதுல ஒரு பங்குதான். தெரிஞ்சவன் எல்லை மீறறதை ஆரம்பத்துலயே எப்படிக் கண்டுபிடிக்கிறது, சங்கடப்படாம எப்படி உரக்க வேண்டாம்னு சொல்றதுங்கறதுதான் மிச்சம். ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, வெறும் துண்டுப் பிரசுரம் கொடுத்த பிரிவுல 9.8 சதவீதம் பேர் வன்புணர்வுக்கு ஆளாகியிருக்காங்க, பயிற்சி எடுத்தவங்கள்ல 5.2 சதவீதம். பன்னண்டு மணி நேரம்டி! நம்ம புள்ளைங்க வருஷக்கணக்கா காலடி போடுதுங்க, அதுல ஒரு சனிக்கிழமை இதுக்கு ஒதுக்க முடியாதா?

அதுக்காகச் சிலம்பம் வீண்னு நான் சொன்னதா உன் மாமியார்கிட்ட கொளுத்திப் போட்டுராத. எங்க பயலையே பாரு. முன்னெல்லாம் யாராவது சத்தமாப் பேசினா என் முந்தானைக்குப் பின்னால ஒளிவான். இப்ப நிமிர்ந்து நிக்கிறான், ஓடினா மூச்சு வாங்கல, ஒரு அடி பட்டா ஒப்பாரி வைக்கறதில்ல. அடி பட்டா என்னாகும்னு தெரிஞ்ச உடம்பு திகைச்சு நிக்காது. அது பெரிய விஷயம். கையில ஒரு நீளக் குடையோ விளக்குமாறோ கிடைச்சா, எட்டத்துலயே ஒருத்தனை நிறுத்தி வைக்கவும் தெரியும். ஓடறதுக்கு அது போதும். 75 கிலோ ஆளை 45 கிலோ பொண்ணு அடிச்சு வீழ்த்தறதெல்லாம் சினிமாவுல. பெரும்பாலான சண்டை விளையாட்டுல எடை பார்த்துத்தான் ஜோடி சேக்கறாங்க, அது தெரியாமலா செய்றாங்க?

கராத்தேக்கும் இதே கணக்குதான். உங்க அபார்ட்மெண்ட் மாடியில நடக்குதே, மூணு மாசத்துக்கு ஒரு பெல்ட்டு, பெல்ட்டுக்கு ஒரு பீஸுன்னு, அது வேணாம். எதிர்ல ஆள் இல்லாம வரிசையா நின்னு காத்தைக் குத்தறதுக்கு மொட்டை மாடியே போதும், பீஸ் எதுக்கு?

சட்டமும் கொஞ்சம் சொல்லி வை. பாரதிய நியாய சன்ஹிதாவுல 34-லருந்து 44 வரைக்கும் தற்காப்பு உரிமைதான். தன்னையோ இன்னொருத்தரையோ காப்பாத்த அடிக்கலாம். தேவைக்கு மேல அடிக்கக் கூடாது. அவன் ஓட ஆரம்பிச்சப்புறம் துரத்திப் போய் மண்டையைப் பொளந்தா அது தற்காப்பு இல்ல, வழக்கு நம்ம மேல. கம்பு எடுக்கறவளுக்கு இது தெரியணும். உதவிக்குக் கூப்பிடற 112-ம் 181-ம் போன்ல மட்டும் இருந்தா போதாது, மனப்பாடமா தெரியணும்.

ஞாயித்துக்கிழமை அந்த ஆசானைப் பாக்கப் போறதா சொன்னியே, முன்பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு முழுக் கிளாஸ் உட்கார்ந்து பாரு. மேடை அலங்காரத்தைப் பார்த்து மயங்காத. ரெண்டு புள்ளைங்களை எதிர் எதிரா நிறுத்தி, நெசமா தொட விடறாரா? பொண்ணுங்களையும் பையன்களோட ஆட விடறாரா? கீழ விழுந்தா எப்படி எந்திரிக்கிறது, பின்னாலருந்து கட்டிப் பிடிச்சா எப்படி விடுபடறது, குத்துவரிசை, பிடிவரிசையெல்லாம் ஜோடி போட்டுச் செய்ய வைக்கிறாரா? வாய்விட்டுக் கத்தச் சொல்றாரா? இதுக்கெல்லாம் ஆமான்னா அன்னிக்கே பணத்தைக் கட்டு. இல்லேன்னா ஆசானோட மீசைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு அடுத்த ஊர்ல தேடு. கத்தறதுக்கு மட்டும் வெளியில வாத்தியார் தேட வேணாம், அதை நீயே சொல்லிக் கொடுத்துரு. பாத்துட்டு வந்து எனக்கு எழுது.

உன்,
அதே பழைய கூட்டாளி