அப்பம் பிட்கும் வேளையில்

இறைவன் எங்கும் நிறைந்திருக்கின்றார் என்பது ஞானோபதேச வகுப்பிலே நாம் முதன்முதலாக மனனஞ் செய்யும் விடைகளுள் ஒன்றாகும். வினாவைக் கேட்டவுடனே விடையை ஒப்புவித்தோம், இனிப்பும் பெற்றோம். ஆயின், எங்கும் நிறைந்தவரை இங்கு, இன்று, இந்த வேலைக்கிடையிலே எவ்வாறு கண்டுகொள்வது என்ற வினா அந்தச் சிறுநூலில் இடம்பெறவில்லை. கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்து வளர்ந்தவனாயினும், அவ்வினாவின் கனத்தை நான் உணர்ந்தது 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் நாளுக்குப் பின்னரேயாம்.

அன்று உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், தலைநகரின் நட்சத்திர விடுதிகள் சிலவற்றிலும் குண்டுகள் வெடித்தன. 250 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோன் தேவாலயத்தில் மாண்டோருட் பலர் சிறுவர். அதன்பின் வந்த கிழமைகளிற் செபக் கூட்டங்களிலே சாட்சியங்கள் பல கேட்டோம். ஒருவருக்குப் பேருந்து பிந்தியது; இன்னொருவருக்குப் பிள்ளையின் காய்ச்சல். ஆண்டவர் தம்மோடு இருந்தார், ஆதலால் தப்பினோம் என்றனர். உயிர் பிழைத்தவர் நன்றி கூறுதல் இயல்பு. அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. எனினும், அந்த ‘ஆதலால்’ என்ற சொல் என்னை உறுத்திற்று. பேருந்து நேரத்துக்கு வந்ததனால் முன்வரிசையிற் போய் அமர்ந்த பிள்ளையோடு ஆண்டவர் இருக்கவில்லையா? தப்புதலே இறைபிரசன்னத்தின் அடையாளமெனின், தப்பாதவர் அனைவரும் கைவிடப்பட்டவராவர். சிலுவையிலே தொங்கியவர் அவர்களுள் முதல்வராவார். கிறித்தவன் ஒருவன் ஏற்கத்தகாத முடிபு இது.

அங்ஙனமாயின் வேறு அடையாளம் யாது? லூக்கா நற்செய்தியின் 24 ஆம் அதிகாரத்தை நோக்குவோம். எருசலேமிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீற்றர் தொலைவிலுள்ள எம்மாவு என்னும் ஊருக்குச் சீடர் இருவர் நடந்து செல்கின்றனர். நம்பியிருந்தவர் கொலையுண்டார், நம்பிக்கை முறிந்தது, நகரைவிட்டுப் போவதே மிச்சம். இடைவழியில் வந்து சேர்ந்த வழிப்போக்கர் மறைநூல்களையெல்லாம் விளக்கியுரைத்தும் அவர் யாரென அவர்கள் அறிந்திலர். (விரிவுரையால் விளங்காத காரியங்களும் உள என்பதைப் பல்கலைக்கழகத்தார் இவ்விடத்திற் கவனித்துக்கொள்ளலாம்.) பொழுது சாய்கின்றது. அந்நியரை இருளிலே தனியே போகவிட மனமின்றித் தம்முடன் தங்குமாறு வற்புறுத்துகின்றனர். பந்தியில் அவர் அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுக்கும்போது கண்கள் திறக்கின்றன. உடனே அவர் மறைந்துவிடுகின்றார். ஆபத்து எதிலிருந்தும் அவர்கள் காக்கப்படவில்லை. பலமுறை கண்டு பழகிய ஒரு கையசைவே அவரைக் காட்டிக்கொடுத்தது. அவ்வசைவுங்கூட, முன்பின் அறியாத ஒருவரை உண்ண அழைத்ததனாலேயே அவர்களுக்கு வாய்த்தது. அழைத்திராவிடின் கதை தெருவோடு முடிந்திருக்கும்.

இப்பகுதியை வாசிக்குந்தோறும் என் அம்மம்மாவின் கைகளே நினைவுக்கு வருகின்றன. அவர் மன்னார்க் கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்தவர்; கையெழுத்து வைக்குமளவுக்கே எழுத்தறிந்தவர். உலையில் அரிசியிடுமுன் சுளகிலிருந்து ஒரு பிடியை எடுத்துப் புறம்பான முட்டியொன்றில் இடுவார். பின்னர் உலைமேற் சிலுவை அடையாளம் வரைந்து மிகுதியைக் கொட்டுவார். பிடியரிசி என்பது அதன் பெயர். கிழமை முடிவில் அது கோயிலுக்கோ, கடலுக்குப் போக ஆளில்லாத வீடொன்றுக்கோ போய்ச் சேரும். செபமாலை சொல்லும் வேளையில் அம்மம்மா தூங்கி விழுவார். பிரசங்க நேரத்திலும் அப்படியே. பிடியரிசி மட்டுந் தவறியதில்லை.

1990 ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டபோது மன்னார்ப் பகுதி மக்கள் ஆயிரமாயிரமாக மடுத் திருத்தலத்திலே தஞ்சம் புகுந்தனர். எம் குடும்பமும் அவர்களோடு போயிற்று. மரத்தின் கீழ் ஓலைக் கொட்டில். அளந்து கொடுத்த நிவாரண அரிசி. மூன்று கல் வைத்த அடுப்பு. அங்கும் அம்மம்மா ஒரு பால்மாப் பேணியைத் தேடியெடுத்துப் பிடியரிசி போடத் தொடங்கியதை என் தாயார் கூறக் கேட்டிருக்கின்றேன்.

“எங்களுக்கே காணாத இடத்திலை இதென்ன வேலை, அம்மா?” என்று தாயார் சினந்தாராம்.

“நாங்கள் உலை வைக்கிறம்தானே, பிள்ளை. வைக்காத கொட்டிலும் இருக்கு” என்பதே மறுமொழி.

1999 ஆம் ஆண்டு நவம்பர் 20 ஆம் நாள் மடுவிலே எறிகணைகள் வீழ்ந்தன. கோயில் காக்கும் என்று ஒதுங்கியிருந்தோருள் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். அம்மம்மா பிழைத்தார். அதன்பின் பல்லாண்டுகள் வாழ்ந்தும், தாம் தப்பிய கதையைச் சாட்சியமாக அவர் எவரிடமுஞ் சொன்னதில்லை. கேட்டால், இறந்தோரின் பெயர்களைச் சொல்வார். எந்தெந்தக் கொட்டிலில் எத்தனை நாள் அடுப்புப் பற்றவில்லை என்பதையுஞ் சொல்வார். பேணியிலிருந்த அரிசி அந்நாட்களில் எங்கே போயிற்று என்பதைத் தாயாரிடமிருந்தே நாம் அறிந்தோம்.

17 ஆம் நூற்றாண்டிலே பாரிசு நகரின் கார்மேல் மடமொன்றில் சமையல் வேலை பார்த்த சகோதரர் லாரன்சு என்பாரைச் சமய நூல்கள் போற்றும். போரிலே காயமுற்ற பழைய படைவீரர். அடுப்படி வேலையையே செபமாக்கிக்கொண்டவர். 1691 இல் அவர் இறந்த பின்னர் அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் நூலாகி உலகெங்கும் பரவின. சமையல் வேலையை அவர் இயல்பாகவே வெறுத்தவர் என்ற செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். அதனாலேயே அவரை நம்பலாம் போலிருக்கின்றது. ஏனெனில், அடுப்படியில் இறைவன் இருக்கின்றார் என்ற பிரசங்கம், அடுப்படிக்குள் ஒருபோதும் நுழையாத ஆடவர்க்கு மிக வசதியானது. புகையையும் இருமலையும் அழகுபடுத்திப் பேசுதல் என் நோக்கமன்று. அம்மம்மாவுக்கும் அடுப்பின்மேல் ஆசை இருந்ததில்லை. லாரன்சு தம் மனத்தை இடையறாது இறைவன்பாற் திருப்பிப் பழகினார். அம்மம்மாவுக்கோ, மனம் எங்கெங்கோ அலைந்த நாட்களிலும் கை முட்டியின் பக்கந் திரும்பிற்று. பரீட்சைக் கவலையும் விடுதிச் சந்தடியும் சூழ வாழ்கின்ற எம்மனோர்க்கு இரண்டாவது வழியே கைகூடக்கூடியது என எண்ணுகின்றேன்.

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தை, இப்பொழுது மீளக் குடியேறியிருக்கும் எங்களூர் மீனவர் கேட்கும் விதமே தனியானது. இரவு முழுவதும் வலைவீசி விடியற்காலையில் வெறுங்கையோடு கரைநோக்கி வருதல் அவர்களுக்கு உவமையன்று. மாதத்திற் சில நாட்களின் நடப்பு. வலையில் 153 பெரிய மீன்கள் அகப்பட்ட அதிசயத்தைக் குருவானவர் விரித்துரைக்க, கடைசி வாங்கிலிருக்கும் என் மாமாமார் வேறொன்றையே தர்க்கிப்பர். சீடர் கரையேறும்போதே அங்கு கரிநெருப்பு மூட்டப்பட்டு, அதன்மேல் மீனும் இருந்ததே. அந்த மீன் எவர் பிடித்தது? முதல் நாளே கரையில் வாங்கியது என்பார் ஒருவர். ஆண்டவர் தாமே தூண்டில் போட்டிருப்பார் என்பார் இன்னொருவர். பெரியமாமா எக்கட்சியுஞ் சேரார். நெருப்பில் ஏற்கெனவே மீன் இருந்தும், அவர்கள் பிடித்தவற்றிலுஞ் சிலவற்றை அவர் கேட்டு வாங்கினாரே, அது ஏன் என்பது அவருடைய கேள்வி. பூசை முடிந்து கடற்கரைக்கு இறங்கும் வழியெல்லாம் அந்த விவாதம் நடக்கும்.